தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?

நாய்க்குட்டிகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன. சென்னையில் நாய் வளர்ப்பவர் மாநகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். நாய்க்கு ஊசி போடுகிற டாக்டர் கால்நடை மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஆனால் அந்த நாய் யாரைக் கண்டு பயப்படும், யாரை நம்பும் என்பதையே மாற்றிவிடக்கூடிய டாக் டிரெய்னருக்கு எந்தப் படிப்பும் எந்தப் பதிவும் கட்டாயமில்லை. விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு நாளைக் காலையிலேயே ஒருவர் இந்தத் தொழிலைத் தொடங்கலாம்.

இந்தத் துறையில் அருமையான பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரால்தான் எங்கள் வீட்டுச் செம்பி இன்று நிம்மதியாகத் தூங்குகிறாள். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் யார், மிரட்டுபவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு வளர்ப்பவர் தலையில்தான் விழுகிறது.

செம்பி நாட்டு நாய். தத்தெடுப்பு முகாமிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவள். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கே நடுங்குவாள். ஹெல்மெட்டோடு யார் வாசலில் நின்றாலும் விடாமல் குரைப்பாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் யாராவது நடந்தால் தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வரும். “நல்லா ரெண்டு போடுங்க, அடங்கிடும்” என்பதுதான் அக்கம்பக்கத்தில் அதிகம் கிடைத்த யோசனை.

பயிற்சியாளரைத் தேடும் முன் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. இதைப் பலர் செய்வதில்லை. காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும்; தொட்டால் கடிக்கப் பார்க்கும். நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உடம்பைத்தான். செம்பியைப் பார்த்த டாக்டர் காதையும் வாயையும் சோதித்து, ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். “வலியில இருக்கிற நாய்க்கு டிரெய்னர் என்ன செய்ய முடியும்? அதைப் பார்த்துட்டு அப்புறம் அவங்ககிட்ட போங்க” என்றார். தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மையான தேடல். செல்லப்பிராணிக் கடைகளின் தட்டியில் குத்தியிருக்கும் கார்டுகள், டாக்டர் கொடுக்கும் எண்கள், காலை வாக்கிங்கில் மற்ற நாய்க்காரர்கள் சொல்லும் பெயர்கள் என்று பட்டியல் சீக்கிரம் நீண்டுவிடும். போனில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்: வீட்டுக்கு வந்து சொல்லித் தருவோம், மாத பேக்கேஜ், உட்காரும், படுக்கும், கை கொடுக்கும், சல்யூட் அடிக்கும், கேரண்டி. இதில் கேரண்டி என்ற இடத்திலேயே எச்சரிக்கையாகிவிட வேண்டும். நாய் உயிருள்ள பிராணி. அது எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது. நேர்மையான பயிற்சியாளர் தன் உழைப்புக்குத்தான் உறுதி தருவார். நாயின் நடத்தைக்குத் தரமாட்டார்.

போனில் கேட்பதைவிட, ஏற்கெனவே பயிற்சி முடித்த ஒரு நாயை நேரில் பார்ப்பது நல்லது. எங்கள் குடியிருப்பிலேயே ஒரு லாப்ரடார் இருந்தது. காலையில் அதன் பயிற்சியாளர் வருவார். கீழே அவருடைய பைக் நிற்கும் சத்தம் கேட்டதும் அது சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும். வெளியே இழுத்துவந்து ‘சிட்’ என்றால் உடனே உட்காரும். “பாருங்க மேடம், என்ன டிசிப்ளின்!” என்று அதன் சொந்தக்காரர் பெருமையோடு சொன்னார். நாய் உட்கார்ந்திருந்தது உண்மைதான். காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கிடந்தன. நாக்கு நுனி மூக்கை நக்கி நக்கி உள்ளே போனது. வால் வயிற்றுக்கடியில் போயிருந்தது. பயிற்சியாளர் கையை உயர்த்தினால் கண்ணின் வெள்ளை தெரியும்படி தலையைத் திருப்பிக்கொண்டது. இவை எல்லாம் பயத்தின் அடையாளங்கள். பக்கத்தில் சாப்பாடோ, தூக்கக் கலக்கமோ இல்லாதபோது நாக்கைச் சுழற்றுவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, நனையாமலேயே உடம்பை உதறுவது ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்தால், பயிற்சியாளரைப் பற்றி நாயே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அந்த லாப்ரடாரின் கழுத்தில் கிடந்தது சோக் செயின். வெடுக்கென்று இழுத்தால் கழுத்தை நெரிக்கும், விட்டால் தளரும். வலி நிற்க வேண்டும் என்பதற்காக நாய் உட்காருகிறது. ஆக, அது வேலை செய்யவே செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் இழுக்கும் நேரத்தில் நாய் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எதிரே ஒரு குழந்தை வரும்போது இரண்டு தடவை கழுத்து இறுகினால், குழந்தை வந்தால் வலி வரும் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். மூச்சுக்குழாய்க்கும் கழுத்து நரம்புக்கும் வரக்கூடிய காயம் தனி.

‘அன்பா சொன்னா நாய் கேட்குமா?’ என்ற சந்தேகத்துக்கு ஆராய்ச்சிகள் பதில் சொல்லியிருக்கின்றன. 2020-இல் போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்தார்கள். சில பள்ளிகள் பரிசு கொடுத்தே பழக்குபவை; மற்றவை கழுத்தை இழுப்பது, அதட்டுவது போன்றவற்றையும் சேர்த்துக்கொள்பவை. பயிற்சியின்போது வீடியோ எடுத்தார்கள். எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். கடுமையான முறையில் பழகிய நாய்களிடம் அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம். பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். அறையின் ஒரு பக்கத்தில் கிண்ணம் இருந்தால் அதில் தீனி இருக்கும், மறுபக்கத்தில் இருந்தால் இருக்காது என்று நாய்களைப் பழக்கிவிட்டு, கிண்ணத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். பரிசில் பழகியவை ஆவலோடு போய்ப் பார்த்தன. மிகக் கடுமையில் பழகியவை தயங்கித் தயங்கிப் போயின. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றிடம் குறைந்திருந்தது. பயிற்சி நேரம் முடிந்த பிறகும் அந்தப் பயம் நாயோடு இருக்கிறது என்பதைக் காட்டிய ஆய்வு இது.

அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களை வைத்து, கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலரையும் பரிசு முறையையும் ஒப்பிட்டார்கள். கூப்பிட்டால் வருவது, சொன்னால் உட்காருவது இரண்டிலும் ஷாக் காலர் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. பரிசில் பழகிய நாய்கள்தான் முதல் சொல்லிலேயே அதிகம் கேட்டன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்ததாகச் சொன்ன வளர்ப்பாளர்களில் 43 சதவீதம் பேர், நாய் தங்கள்மேல் திரும்பியதாகச் சொன்னார்கள். ‘நல்லா ரெண்டு போடுங்க’ என்று யோசனை சொல்பவர்களிடம் இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும். வேல்ஸ் நாடு ஷாக் காலரை 2010-இலேயே தடை செய்துவிட்டது.

தேடும்போது இன்னொரு பேச்சும் காதில் விழும். “உங்க நாய் தன்னைத்தான் பாஸ்னு நெனச்சிட்டிருக்கு. நீங்கதான் ஆல்ஃபான்னு காட்டணும்.” இதன் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற சுவிஸ் ஆய்வாளர் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் 1970-இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. அதே மெக் பல ஆண்டுகள் காட்டு ஓநாய்களைக் கவனித்துவிட்டு, 1999-இல் அந்தக் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்; தலைமைக்கு அடித்துக்கொள்ளும் கும்பல் இல்லை. எழுதியவரே மாற்றிக்கொண்ட கருத்தை வைத்து இன்றும் நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்குகிறார்கள். ஆல்ஃபா பேச்சு வந்தால் பேச்சுவார்த்தையை முடித்துக்கொள்ளலாம்.

பரிசு முறையைச் செல்லப்பிராணி உலகத்துக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கேரன் பிரையர். 1960-களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்குக் கழுத்துப் பட்டை மாட்ட முடியாது, அதட்டினால் நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன் என்பது மட்டும்தான் வழி. அதே முறையை நாய்க்கும் மனிதருக்கும் பொருத்தி அவர் 1984-இல் புத்தகம் எழுதினார். இன்று பயிற்சியாளர்கள் கையில் ‘டிக்’ என்று சத்தமிடும் கிளிக்கர், அந்த விசிலின் இடத்தில் இருப்பது.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஜீன் டொனால்ட்சன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் எந்த டிரெய்னரிடமும் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார். என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? தப்பாகச் செய்தால் என்ன நடக்கும்? நீங்கள் சொல்வதைவிட நாய்க்குத் தொந்தரவு குறைவான வழி வேறு உண்டா? எங்கள் தேடலில் இந்த மூன்றையும்போல உதவியது வேறொன்றுமில்லை.

முதல் கேள்விக்கு “தட்டிக் கொடுப்போம், குட் பாய் சொல்வோம்” என்று நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. தெரியாத ஒருவர் தலையில் தட்டுவது பயந்த நாய்க்குப் பரிசே இல்லை. பரிசு எது என்பதை நாய்தான் முடிவு செய்யும். ஒன்றுக்குக் கோழிக்கறி, ஒன்றுக்குப் பந்து, ஒன்றுக்கு மண்ணை மோந்து பார்க்கக் கிடைக்கும் ஐந்து நிமிடம். “உங்க நாய்க்கு என்ன பிடிக்கும்?” என்று திருப்பிக் கேட்பவர் பாதித் தேர்வில் பாஸ்.

இரண்டாவது கேள்வியில்தான் ஆளின் நிறம் தெரியும். நேராக ‘அடிப்போம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “லேசா ஒரு கரெக்‌ஷன் கொடுப்போம்”, “நாங்க பேலன்ஸ்டா பண்றோம்”, “அது ஷாக் இல்லீங்க, வெறும் வைப்ரேஷன்” என்று வரும். அங்கே விடாமல் அடுத்ததைக் கேட்க வேண்டும்: கரெக்‌ஷன் என்றால் கையால் என்ன செய்வீர்கள்? எந்த உபகரணம்? இப்போது என் எதிரில் செய்து காட்ட முடியுமா? ஒருவர் இதற்குக் கோபப்பட்டார். இன்னொருவர், “வீட்டுக்காரங்க பார்த்தா பாவம்னு நெனப்பீங்க, அதனால நாங்க தனியாக் கூட்டிட்டுப் போய்தான் பண்ணுவோம்” என்றார். பார்த்தால் பாவமாக இருக்கும் ஒன்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கிடைத்தவர் ஓர் இளம்பெண். அவருடைய பதில் இப்போதும் நினைவிருக்கிறது. “தப்பு பண்ணா, நான் கொடுத்த பாடம் அவளுக்குக் கஷ்டமா இருக்குன்னு அர்த்தம் அக்கா. ஒரு படி கீழ இறங்கி, அவளால முடியறதைக் கேட்பேன். மேல ஏறிக் குதிக்கிற மாதிரி விஷயம்னா கவனிக்காம விட்டுடுவேன். கேட்டைத் தாண்டி ஓடற மாதிரின்னா, முதல்ல கேட்டை மூடி வைப்போம்.” மூன்றாவது கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

முதல் நாள் அவர் வந்தபோது செம்பி உள் அறை வாசலில் நின்று குரைத்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தார். இடுப்பில் ஒரு சின்னப் பை. அதில் உப்பில்லாமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்குக் கிள்ளிய கோழிக்கறி. தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். எப்போது, எங்கே, யாரைக் கண்டு உறுமுகிறாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பேசிக்கொண்டே ஒரு துண்டைச் செம்பியின் முதுகுக்குப் பின்னால் எறிந்தார். அவள் திரும்பிப் போய்த் தின்றாள். கறிக்காகப் புதிய ஆளின் பக்கத்தில் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இல்லை. தின்பதற்காக விலகிப் போனால் பயமும் குறைகிறது. போனவள் தானாகவே முன்பு நின்றதைவிட ஓரடி முன்னால் வந்து நின்றாள். மறுபடியும் துண்டு பின்னால் விழுந்தது. அன்று முழுக்க அவர் செம்பியைத் தொடவே இல்லை. கிளம்பும்போது என் மாமியார், “என்னம்மா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லித் தரலியே?” என்றார். “சொல்லிக் கொடுத்துட்டேன் பாட்டி. நான் வந்தா கறி வரும்னு.”

சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில் ஊரில் சொல்லும் வைத்தியம், நாய் சாப்பிடும்போது தட்டுக்குள் கையை விட்டுப் பழக்குவது, உறுமினால் தட்டைப் பிடுங்குவது. அப்படிச் செய்தால் நாயின் பயம் உண்மையாகிவிடுகிறது: மனிதர் வந்தால் சோறு போகும். எங்கள் பயிற்சியாளர் அதை அப்படியே திருப்பினார். செம்பி உடம்பை விறைக்காமல் சாப்பிடும் தூரம் எது என்று முதலில் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து தட்டில் இருப்பதைவிட உசத்தியான ஒரு துண்டை எறிந்துவிட்டு நடந்து போய்விட வேண்டும், நிற்கக் கூடாது. பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறைத்தோம். இப்போது யாராவது சமையலறைப் பக்கம் நடந்தால் அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு பார்க்கிறாள். உறுமலை அடித்து நிறுத்தியிருந்தால் எச்சரிக்கை மட்டும்தான் நின்றிருக்கும். பயம் உள்ளேயே இருந்து, எச்சரிக்காமல் கடிக்கும் நாயாகியிருப்பாள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையைப் பயிற்சியாளர் துணையில்லாமல் தொடங்க வேண்டாம்.

நல்ல பயிற்சியாளர் நாயைவிட வீட்டுக்காரர்களுக்குத்தான் அதிகம் சொல்லித் தருவார். லீஷ் கொஞ்ச நேரத்திலேயே உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். பரிசு சரியான நொடியில் விழுவதுதான் இதன் சூட்சுமம். உட்கார்ந்த நாய் எழுந்த பிறகு தீனி கொடுத்தால், எழுந்ததற்குத்தான் கூலி. அதனால் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ‘எஸ்’ என்று ஒரே குரலில் சொல்லி, உடனே கொடுக்கச் சொன்னார். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘வா’, ஒருவர் ‘கம்’, ஒருவர் ‘இங்க வாடி’ என்றால் நாய் எதை எடுத்துக்கொள்ளும்? மாமியாரையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் அவர் தவறாமல் வகுப்பில் உட்காரவைத்ததற்குக் காரணம் இதுதான்.

தீனிக்காகக் கடைப் பாக்கெட்டுகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. வேகவைத்த கோழி, முட்டை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், கொஞ்சம் பன்னீர் போதும். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட், சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் நாய்க்கு விஷம். ஒரு நாள் சாப்பாட்டின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட்டாகப் போகக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. மிஞ்சினால் வேளைச் சோற்றில் குறைத்துவிட வேண்டும்.

‘இப்படியே போனால் காலமெல்லாம் கையில் கறி வைத்துக்கொண்டு திரிய வேண்டுமா?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். தீனியைக் காட்டிக் காரியம் சாதிப்பது லஞ்சம். காரியம் முடிந்தபின் கொடுப்பது கூலி. பழக்கம் ஊறியபின் கூலி எப்போதாவது வரும், சில நேரம் தீனிக்குப் பதில் விளையாட்டாக வரும். வெடிகுண்டைத் தேடும் மோப்ப நாய்களே, கண்டுபிடித்தவுடன் கிடைக்கும் ஒரு பந்து விளையாட்டுக்காகத்தான் அவ்வளவு உழைக்கின்றன. ‘போலீஸ் டிரெய்னிங்’ என்று சொல்லிக்கொண்டு சோக் செயினோடு வருகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நாட்டு நாய்க்குப் புத்தி கம்மி, பயிற்சி ஏறாது என்று சொல்லும் டிரெய்னர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துவருகிறது. முன்பின் தெரியாத மனிதர் கையால் சுட்டிக்காட்டினாலே எந்தக் கிண்ணத்துக்குப் போக வேண்டும் என்று தெரு நாய்கள் புரிந்துகொண்டதை அவர்கள் காட்டினார்கள். 2017-இல் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு மனதைத் தொடுவது: அறிமுகமில்லாத ஒருவரை நம்பத் தொடங்குவதற்கு, திரும்பத் திரும்பத் தீனி போட்டதைவிடத் தடவிக்கொடுத்ததுதான் தெரு நாய்களிடம் அதிகம் பலித்தது. பயம் தெளிந்த நாய்க்கு விரல்களும் பரிசுதான். செம்பிக்கு இன்று காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவது கோழிக்கறிக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வேட்டை நாய் இனங்களோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா? தூரத்தில் ஏதாவது ஓடினால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. அதைக் குற்றமாகப் பார்க்காமல், நீளமான லீஷும் துரத்தி விளையாட ஒரு பொம்மையும் கொண்டுவருகிறவரே அவற்றுக்கு ஏற்றவர்.

ஹாஸ்டல் பயிற்சியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். “நாயை எங்ககிட்ட விட்டுடுங்க, பழக்கித் தர்றோம்” என்ற பேச்சு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதியாகத் தெரியும். என் கருத்தில் அது வேண்டாத வழி. அங்கே நாய்க்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நாய் பழகுவது அந்த இடத்துக்கும் அந்த ஆளுக்கும். தட்டு, லிஃப்ட், ஹெல்மெட் எல்லாம் உங்கள் வீட்டில்தானே இருக்கின்றன.

சான்றிதழ் விஷயம். கேரன் பிரையர் அகாடமியில் படித்தவர்கள், சிசிபிடிடி என்ற அமெரிக்க அமைப்பு 2001 முதல் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் என்று இந்தியாவிலும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வலி, வற்புறுத்தல், பயம் மூன்றும் கூடாது என்று உறுப்பினர்களிடம் உறுதி வாங்கும் பெட் புரொஃபஷனல் கில்டு 2012-இல் தொடங்கியது. இவற்றில் ஏதாவது இருந்தால் நல்லது. எங்கே, யாரிடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். ஆனால் சான்றிதழைப் பார்த்து மட்டும் லீஷைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் நடத்தும் ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். அனுமதிக்க மறுத்தால் வேறு ஆளைத் தேடுங்கள். சான்றிதழே இல்லாமல், நாயின் உடல்மொழியைப் படிப்பதில் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

குட்டி வாங்கியிருப்பவர்கள் ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். பார்வோ வைரஸ் தொற்றிவிடும் என்ற பயத்தால் அந்த நாட்களில் வெளியே விட முடியாது என்பது உண்மைதான். மடியில் தூக்கிக்கொண்டு போய்ப் பால்காரர், குடை, ஆட்டோ, மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டலாம். இதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தரத் தெரிந்த பயிற்சியாளர்தான் குட்டிக்குச் சரியானவர்.

வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு மேல் ரோட்டில் வகுப்பு வைக்கிறவரைத் தடுத்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

விலங்குகளை அடிப்பதும் வதைப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-இன்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பயிற்சி நடக்கும் நேரத்தில் வீட்டில் ஒருவராவது கூடவே இருங்கள். நாய் ஒடுங்கினால், ‘இன்னிக்குப் போதும்’ என்று நிறுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டோமே என்று தயங்க வேண்டாம்.

வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் நாய் வீட்டில் இருந்தால், தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். பதிவு செய்த வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கறி கொடுத்து, மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்டும் பழக்கத்துக்கு அவ்வளவு காலம் வேண்டும். பயம் மிக அதிகமாக இருந்தால் மருந்தும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், பயிற்சியாளர் தரக் கூடாது. தீபாவளிக்கு முந்தின நாள் போன் செய்தால், எவ்வளவு நல்ல பயிற்சியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது.